குறைத்துச் சொன்ன எண்கள்

அட்டாளைச்சேனை
14.01.2024

அன்புள்ள தங்கச்சி சல்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை நீ பிரிப்பாயா என்று எனக்குத் தெரியாது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை ஸுஹைறா மேசையில் கண்டுவிட்டு, "கடுதாசி எழுதின நேரத்துக்கு நாலு தரம் மருதமுனைக்குப் போய் வந்திரிக்கலாம்" என்றாள். என் மனைவி சொல்வது சரிதான். ஆனால் பஸ்ஸில் ஏறினால் உன் வாசலில் இறங்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவில்லை.

பாரிசவாதத்துக்குப் பிறகு உன் பேச்சு இன்னும் தெளியவில்லை, தொலைபேசியில் கதைக்க வெட்கப்படுகிறாய் என்று ஸம்றா சொன்னாள். உன் மகள் இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, "வைக்கிறன் மாமா" என்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதுவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து பிரஷர் மெசினுடன் உன் வீட்டுக்கு வருவேன். டிசம்பர் முதலாம் திகதி மெசின் உனக்குக் காட்டியது 176/102. கொப்பியில் அப்படியே எழுதினேன். உனக்குச் சொன்னது: "நூற்றி முப்பத்தெட்டு, எண்பத்தாறு. பரவாயில்லை."

நீ சிரித்தாய். "அப்ப செவ்வாய்க்கிழம கிளினிக்குக்குப் போகத் தேவல்ல. பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் பலகாரம் சுடணும்" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தேநீரைக் குடித்துக்கொண்டு இருந்தேன். செவ்வாய் நீ போகவில்லை. பிரஷர் குளிசையும் அன்றோடு முடிந்திருந்தது. வியாழக்கிழமை காலை உன் கையிலிருந்த அகப்பை விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது.

வார்டில் டொக்டர் முந்திய அளவுகள் இருக்கின்றனவா என்று கேட்டார். கொப்பி வைத்திருக்கும் பெருமையில் நான் அதை நீட்டினேன். ஸம்றாதான் வாங்கி வாசித்தாள். "மாமா, நூத்தி முப்பத்தெட்டு எண்டுதானே உம்மாட்ட செல்லிட்டுப் போனீங்க?" உனக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் வார்டுக்கு வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து நீ முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன வசனம் என்னைப் பற்றியது என்று கேள்விப்பட்டேன். "மெசினோட காக்கா இந்த வாசலுக்கு வரப்படா." வரமாட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. நாள் தவறாமல் குளிசை போடுகிறாயா என்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

உன் காக்கா,
ஆதம்பாவா

---

மருதமுனை
29.01.2024

காக்கா,

வஅலைக்கும் ஸலாம். இது இடது கையால எழுதிறன். வலது கை இன்னும் பேனை பிடிக்கிதில்ல. எழுத்தப் பாத்துச் சிரிக்க வேணாம்.

கைக்குப் பயிற்சி குடுக்கிற மிஸ் ஒவ்வொரு நாளும் எழுதச் சொன்னா. ஆருக்கு எழுதிற எண்டு யோசிச்சன். ஏசிறதுக்கு ஒரு ஆள் வேணும். நீங்க கிடைச்சீங்க.

ஒரு கேள்வி. எத்தின வெள்ளிக்கிழம பொய் செல்லியிரிக்கீங்க? எண்ணி எழுதுங்க. ஒண்டும் குறையப்படா.

மன்னிப்புக் கேக்கல்ல எண்டு எழுதியிரிக்கீங்க. நல்ல. நானும் குடுக்கல்ல.

குளிசை போடுறன். கை உளையிது.

சல்மா

---

அட்டாளைச்சேனை
05.02.2024

அன்புள்ள சல்மா,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 'சல்மா' என்பதில் கடைசி எழுத்து கீழே இறங்கிப் போயிருந்தது. அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கேள்விக்குப் பதில்: எட்டு. செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 1 வரை பதினொரு வெள்ளிக்கிழமைகள் உனக்குப் பார்த்தேன். முதல் மூன்று வாரமும் 150-க்குக் கீழே இருந்தது, உள்ளபடி சொன்னேன். ஒக்டோபர் 13 அன்று 158 வந்தது. அன்றுதான் தொடங்கினேன். எட்டு எண்களையும் நான் சொன்னவற்றையும் எதிரெதிரே எழுதி இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிரதி எடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். எட்டில் ஐந்து தடவை 138 என்றே சொல்லியிருக்கிறேன். பொய்யிலும் எனக்குப் புதிதாக ஒன்று தோன்றவில்லை.

ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

1972-இல் வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனபோது நான் அம்பாறையில் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். ஊர் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வாப்பாவின் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கழற்றினார். படித்த பையன் அல்லவா, நான் கேட்டேன்: "எவ்வளவு சேர்?" அவர் வாப்பாவுக்குக் கேட்கவே சொன்னார், "இருநூற்றி இருபது." வாப்பா என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுகைக்கு முன் மௌத்தானார்.

எண்ணைக் கேட்டுத்தான் அவருடைய உடம்பு தளர்ந்தது, நான் கேட்டதால்தான் அவர் அந்த எண்ணைக் கேட்டார் என்ற நினைப்பு அன்று எனக்குள் புகுந்தது. நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படவரைஞனாக இருந்தவன், அளவை அளவாகவே பார்க்கப் பழகியவன், இதை எழுத வெட்கப்பட வேண்டும். வெட்கப்படுகிறேன். ஆனால் உன் கையில் பட்டி இறுகி 176 என்று காட்டும்போது எனக்கு வாப்பாவின் முகம்தான் தெரிந்தது. சொல்லாமல் விட்டால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். சொல்லாததால்தான் ஆனது.

ஆதம்பாவா

---

மருதமுனை
16.02.2024

காக்கா,

இந்தக் கடுதாசி நாலு நாளா எழுதின. நாளைக்கு அரைப்பக்கம். நான் கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், உங்களப்போல எனக்கு எழுதத் தெரியா.

தாள் கிடைச்சிது. அஞ்சு தரம் 138. எனக்கே சிரிப்பு வந்திட்டு. அந்த நேரம் நான் என்ன மரமா இருந்தன்? ஒரு கிழம கருவாட்டுக் கறி, ஒரு கிழம ஊறுகாய், ஒரு கிழம குளிசை மறந்த. பிரஷர் மட்டும் அசையாம நிண்டிரிக்கு. எனக்கும் 138 கேக்க விருப்பமா இருந்தது. அதான் நானும் தோண்டிக் கேக்கல்ல.

வாப்பாட கதைக்கு வாறன். இத ஆருக்கும் செல்லல்ல. அம்பத்திரெண்டு வருசம்.

நீங்க அம்பாறையில இருந்த நேரம் வாப்பா மௌத்தாகிறதுக்கு ஆறு மாசத்துக்கு முந்தியே அப்போதிக்கரிட்டப் போன. நான்தான் கூடப் போன. அப்பயும் நம்பர் செல்லித்தான் அனுப்பின. இருநூறு. அதக் கேட்டிட்டு வாப்பா சந்தையில மீன் வாங்கிக்கிட்டு வீட்ட வந்து நல்லா சாப்பிட்ட. ஒண்டும் நடக்கல்ல. குளிசை குடுத்தாங்க. பத்து நாள் போட்டார். பொறகு "தலையிடியும் இல்ல, ஒரு வருத்தமும் இல்ல, இது என்னத்துக்கு" எண்டு மிச்சத்த வெத்திலப் பெட்டிக்கு அடியில வச்சிட்டார். நான் கண்டன். "காக்காட்ட செல்லிப்போடாத புள்ள, அவன் பயந்த பொடியன், படிப்ப விட்டிட்டு வந்திருவான்" எண்டார். எனக்குப் பதினாலு வயசு. வாப்பா செல்லாத எண்டா செல்லாததான்.

மையித்து எடுத்த பொறகு அந்தப் பெட்டியத் திறந்து பாத்தன். குளிசை அப்படியே கிடந்தது. கிணத்துக்குள்ள கொட்டிட்டன்.

அதால செல்லிறன் காக்கா, நம்பரக் கேட்டு ஆரும் மௌத்தாகிறல்ல. வாப்பாவ நீங்க கேட்ட கேள்வி கொல்லல்ல. போடாத குளிசைதான். நான் வாயத் திறந்திருந்தா நீங்க வந்து போட வச்சிருப்பீங்க. ஆக, பொய் செல்லின ஆள் நீங்க மட்டுமில்ல. உங்கட எட்டு. என்ட ஒண்டு. ஆனா என்டது பெரிசு.

இன்னொண்டு. நோன்பு வருது. நான் பிடிக்கப் போறன். ஏழு வயசில இருந்து மார்க்கம் விடச் சென்ன நாள் தவிர ஒண்டும் விடல்ல, இப்பயும் விடமாட்டன். இப்ப பிரஷர் 130தான். மெய்யான 130, மிஸ் பாத்துச் சென்ன. குளிசை அதுட வேலய முடிச்சிட்டு. நோன்பு மாசத்துக்கு நிப்பாட்டினா ஒண்டும் வராது. ஸம்றா கத்திறா. நீங்க அவட பக்கம் சேர வேணாம். நீங்க எப்பயும் போல ஒண்டும் செல்லாம இருங்க.

சல்மா

---

அட்டாளைச்சேனை
27.02.2024

அன்புள்ள சல்மா,

உன் கடிதம் வந்த அன்று நான் அஸருக்குப் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலேயே தொழுதேன். ஐம்பத்திரண்டு வருடம் நீ அதைத் தனியே சுமந்திருக்கிறாய். பதினாலு வயதுப் பிள்ளையிடம் வாப்பா அதைக் கொடுத்திருக்கக் கூடாது. அது உன்னுடைய பொய் அல்ல. இதை நான் சொன்னால் ஏற்பாயோ தெரியாது.

ஒன்றும் சொல்லாமல் இருக்கச் சொல்லியிருக்கிறாய். அதுதான் எனக்கு எளிது. ஆனாலும் இந்தத் தடவை சொல்லப் போகிறேன். நீ கோபப்பட்டுக் கடிதத்தைக் கிழிக்கலாம். கிழிக்கும் முன் இந்தப் பக்கத்தை முடித்துவிடு.

வியாழக்கிழமை ஸுஹைறாவின் சீனி வருத்தக் கிளினிக்குக்குக் கூடப் போனேன். ஏழு வருடமாகப் போகிறேன், டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இருநூற்றி இருபதுக்குப் பிறகு எந்த டொக்டரிடமும் நான் எதையும் கேட்டதில்லை. அன்று ஸுஹைறா எழுந்ததும் நான் எழவில்லை. "என்ன, கதிரையில ஒட்டிப்போனீங்களா?" என்றாள். டொக்டர் தக்சாயினி பேனையை வைத்துவிட்டுப் பார்த்தார். உன் நோன்பைப் பற்றியும் குளிசையைப் பற்றியும் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நோன்பு பிடிக்கும் பலர் குளிசை நேரத்தை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். அதை டொக்டர்தான் மாற்றித் தர வேண்டும். சலம் போவதற்கான குளிசை போடுகிறவர்களுக்குப் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது வேறு கவலை. மூன்று மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்தவர் பிடிக்கலாமா என்று அவரைப் பார்க்காமல் சொல்ல முடியாது. "ஆனா ஐயா, குளிசைய நிப்பாட்டலாமா எண்டா அதுக்கு மட்டும் இப்பவே பதில் சொல்லுவன், நிப்பாட்ட வேண்டாம்."

உன் 130 மெய்யானது. ஆனால் அது குளிசை முடித்துவைத்த வேலை அல்ல, தினமும் செய்துகொண்டிருக்கும் வேலை. குளத்தின் மட்டம் அடங்கி நிற்பது மழை ஓய்ந்ததால் என்று நினைத்து மதகை மூடினவர்களை நான் கந்தோரில் கண்டிருக்கிறேன். மதகு திறந்திருந்ததால்தான் அடங்கியிருந்தது. குளக்கட்டில் கசிவு தொடங்கும்போது சத்தம் கேட்காது, சல்மா. வாப்பாவுக்குத் தலையிடி இருக்கவில்லை. உனக்கும் அகப்பை விழும்வரை ஒரு வருத்தமும் இருக்கவில்லை. மூளையில் மட்டுமல்ல, சிறுநீரகத்திலும் கண்ணிலும் இதயத்திலும் அது இப்படித்தான் ஓசையில்லாமல் வேலை பார்க்குமாம்.

உன் டொக்டரிடம் போய்க் கேள். அவர் பிடிக்கலாம் என்றால் பிடி. வேண்டாம் என்றால் விடு. எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி.

உன்னைப்போல நான் பிரஷர் பார்க்கும் மற்றவர்களில் இன்னும் மூன்று பேருக்குக் குறைத்துச் சொல்லியிருந்தேன். மூவரிடமும் போய் மெய்யான எண்ணைச் சொன்னேன். பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தின் சிரித்தார். "எனக்குத் தெரியும் சேர். நான் ஏறி இறங்கிற படிக்கட்டுக்கு ஒவ்வொரு கிழமையும் 138 வராது" என்றார். அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனார்.

டொக்டர் என்னிடமும் ஒன்று கேட்டார். அது முக்கியமில்லை.

ஆதம்பாவா

---

மருதமுனை
07.03.2024

காக்கா,

கிழிக்கல்ல. பக்கத்த முடிச்சன். பொறகு ஸம்றாட்டக் குடுத்தன், அவ அழுதா. மாமாக்கு வாய் வந்திட்டு எண்டு சென்னா.

செவ்வாய்க்கிழம கிளினிக்குக்குப் போனன். டொக்டர் கொப்பியப் புரட்டிப் புரட்டிப் பாத்தார். இந்த வருசம் வேணாம் எண்டிட்டார். நான் அங்கேயே அழுதிட்டன். வரிசையில இருந்த பொம்புளயெல்லாம் பாத்தாங்க. பொறகு டொக்டர் செல்றார், "உம்மா, அடுத்த வருசம் பிடிக்கிறதுக்குத்தானே இந்த வருசம் விடச் செல்றன்." மௌலவிட்டயும் கேட்டன், சுகமான பொறகு விட்ட நோன்பக் களாச் செய்யலாம் எண்டார். குளிசை ஒண்டு இருமல் தந்தது, அதயும் சென்னன். முந்தியெண்டா செல்லாம நிப்பாட்டியிருப்பன். வேற ஒண்டு மாத்தித் தந்தாங்க. இவ்வளவு லேசான விசயம்.

கருவாடு வீட்டுக்குள்ள வாறல்ல. தேசிக்காய்ப் புளியும் மிளகும் போட்டு ஆணம் காச்சிறா ஸம்றா. முதல் கிழம கடல் தண்ணியில உப்ப எடுத்திட்டுத் தந்த மாதிரி இருந்தது. இப்ப பழகிட்டு.

சரி. இப்ப என்ட கேள்வி. டொக்டர் உங்களிட்ட என்ன கேட்டா? முக்கியமில்ல எண்டு நீங்க எழுதினா அதுதான் முக்கியம். அறுவத்தாறு வருசமா உங்களத் தெரியும்.

நானே செல்லட்டா? "ஐயா, உங்கட பிரஷர் எவ்வளவு?" எண்டு கேட்டிருப்பா. அந்தக் கொப்பியில பதினாலு பேர் இரிக்கி. முஅத்தின் இரிக்கார், மதினி இரிக்கா, நான் இரிக்கன். உங்கட பேர் எந்தப் பக்கம்? மதினிக்குக் கோல் எடுத்துக் கேட்டன். ஓம், நான்தான் கதைச்ச, நாக்குக் கொஞ்சம் தடக்கிச்சு, பரவால்ல. மெசின் வாங்கி ரெண்டு வருசம், ஒரு நாளும் அவர் தன்ட கையில கட்டல்ல எண்டா. வாப்பாட மகன்தானே நீங்களும்?

பட்டியக் கட்டுங்க. வந்த நம்பர எழுதுங்க. நம்பர் இல்லாம வாற கடுதாசிய நான் உடைக்கமாட்டன்.

சல்மா

---

அட்டாளைச்சேனை
15.03.2024

அன்புள்ள சல்மா,

நீ எண்ணைத் தேடுவாய் என்பதால் முதலிலேயே எழுதுகிறேன்.

188/106. 182/104. 178/102.

மூன்று தடவை, ஐந்து நிமிட இடைவெளியில், கதிரையில் சாய்ந்து, கால்களை நிலத்தில் வைத்து. பதினாலு பேருக்கும் அப்படித்தான் பார்த்தேன். முதலில் பட்டியைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். ஸுஹைறா கழற்றிச் சரியாகக் கட்டினாள். "இத்தின பேருக்குக் கட்டின மனிசன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் கேட்டது அதுவேதான். நான் "நல்லம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதும்போது மூன்றாவதை மட்டும் எழுதினால் போதாதா என்று தோன்றியது. பிறகு அதிலும் கொஞ்சம் குறைத்தால் நீ பயப்படமாட்டாய் என்று தோன்றியது. பழக்கம் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பார். மூன்றையும் எழுதினேன். கொப்பியில் பதினைந்தாவது பக்கத்தில் என் பெயரை எழுதி, கீழே அவற்றை எழுதினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸுஹைறா எண்ணைச் சத்தமாக வாசித்தாள். நான் கேட்டேன். கேட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார். நோன்பு திறக்க நேரமானதும் கஞ்சி குடித்தேன். வாப்பா மீன் வாங்கிக்கொண்டு வந்து நன்றாகச் சாப்பிட்டதாக எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்தது. ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாப்பாவை நினைத்துச் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. என்ன செய்திருக்கிறதோ உள்ளே, யாருக்குத் தெரியும். ஆனாலும் போகிறேன்.

ஆதம்பாவா

---

மருதமுனை
13.04.2024

காக்கா,

பெருநாள் ஸலாம். எழுத்தப் பாருங்க. உத்துப் பாருங்க.

வலது கை.

அஞ்சு வரிதான் ஏலும். கோணலாத்தான் போகுது, ஆனா என்ட கை. இந்தக் கையாலதான் உங்களுக்கு எழுதணும் எண்டு ஒரு கிழமையா காத்திருந்தன்.

வெள்ளிக்கிழம வாங்க. மெசினையும் கொண்டு வாங்க. இனி நம்பர வாசிக்கிற நான். எழுதிற நீங்க. என்டயும் வாசிப்பன், உங்கடயும் வாசிப்பன். குறைக்கிற வேல இந்த வீட்டில இல்ல.

உப்பில்லாத ஆணம்தான் இரிக்கி. விருப்பமெண்டா வாங்க.

சல்மா

---

அட்டாளைச்சேனை
17.04.2024

அன்புள்ள சல்மா,

உன் கடிதத்தை ஸுஹைறா என்னிடமிருந்து பறித்து அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். கடைசி எழுத்து இந்தத் தடவை கீழே இறங்கவில்லை.

டொக்டர் இரத்தமும் சலமும் சோதித்தார், ஈசிஜி எடுத்தார். சிறுநீரகம் நல்லது என்றார். கண்ணின் பின்புறத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கின்றன. பிந்திவிட்டேனா என்று கேட்டேன். ஆம், நானே கேட்டேன். "இன்னும் ரெண்டு வருசம் விட்டிருந்தாப் பிந்தியிருக்கும்" என்றார். கடையில் வாங்கும் மிக்ஸரையும் அச்சாறையும் நிறுத்தச் சொன்னார். மிக்ஸர் கொஞ்சம் கஷ்டம். இரண்டு குளிசை தந்தார். நோன்பில் சஹரிலும் இப்போது காலையிலும் போடுவதை நேரத்துடன் கொப்பியில் குறித்து வைக்கிறேன். இருபத்தொன்பது நாளில் ஒரு நாள் மட்டும் இருபது நிமிடம் பிந்தினேன்.

நேற்றுக் காலை 152/92. இன்னும் அதிகம்தான். ஆனால் இது நான் குறைத்த குறைவு அல்ல.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். இன்று தபாலில் போடும் இந்தக் கடிதம் எனக்கு முன் வருமா, பின் வருமா தெரியாது. பின்னால் வந்தால் நீயே பிரித்து, எண்ணையும் சேர்த்துச் சத்தமாக வாசி. நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.

உன் காக்கா,
ஆதம்பாவா